மூன்று ஷிப்டுக்கு மூன்று டயம் டேபிள்

போன இதழில் மோர் மிளகாய் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றி. "அடுப்படியில் இருப்பவளுக்குப் பரீட்சை எதற்கு?" என்று சிரிக்காதீர்கள். படிப்பவள் என் மருமகள். அவளுக்கு நேரம் தேடித் தருவது வீட்டிலுள்ள எல்லாருடைய வேலையும்!

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பேரனுக்கு இப்போது இரண்டு வயது. மறுபடி வேலைக்குப் போவதற்காக 'காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ்' என்ற பரீட்சைக்குப் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் உள்ள பணம், கணக்கு, விவரங்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் வேலைக்கு அது முதல் படி மாதிரி. 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்விகள். மார்க்கை 100 முதல் 900 வரை போடுகிறார்கள். 750 வந்தால் பாஸ். தவறிவிட்டால் திரும்ப எழுதலாம், ஆனால் கட்டணம் மறுபடி முழுசாகக் கட்டவேண்டும். அந்தக் கட்டணம் என் சீட்டுப் பணம் என்பதால் எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு!

முதலில் அவளாகவே ஒரு டயம் டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தினம் இரவு 9 முதல் 12 வரை படிப்பு. நாலாம் நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டாள். பகலெல்லாம் குழந்தை பின்னால் ஓடுகிறவளுக்கு ராத்திரியில் மூளை எப்படி ஓடும்? வீட்டுக்கு வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, "கைப்புள்ளைய வச்சிக்கிட்டு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மருமகள் பதில் பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சுவரிலிருந்த காகிதத்தைக் காணோம்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மகனையும் உட்கார வைத்து மூன்று பேருமாகப் பேசினோம்.

தேர்வாய் கண்டிகையில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் சிப்காட் கம்பெனி பஸ்தான். மகனுக்கு ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிப்டு, மறு வாரம் மதியம் இரண்டு மணி, அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்து மணி. சமையல், குளியல், தூக்கம் எல்லாமே வாரத்துக்கு வாரம் மாறும்போது படிப்பு மட்டும் ஒரே மணியில் எப்படி நிற்கும்? அதனால் மூன்று டயம் டேபிள் போட்டோம். காலை ஷிப்டு வாரத்தில் மகன் மூன்று மணிக்குள் வந்துவிடுவான். மூன்றரை முதல் ஐந்து வரை குழந்தை அவன் பொறுப்பு. மதிய ஷிப்டு வாரத்தில் காலை பத்து முதல் பதினொன்றரை வரை அவன் பார்த்துக்கொள்வான், சமையலை நான் முடித்துவிடுவேன். ராத்திரி ஷிப்டு வாரம்தான் கஷ்டம். பகலில் அவன் தூங்கவேண்டும், இரண்டே அறை. அந்த வாரம் மருமகள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஆறு வரை படிப்பாள். குழந்தை என் பக்கத்தில் படுத்திருக்கும். அந்த வாரம் மட்டும் அவள் ராத்திரி ஒன்பதுக்கே படுத்துவிட வேண்டும், பாத்திரம் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மணி மாறினாலும் அளவு மாறாது. தினம் ஒன்றரை மணி, வாரம் ஆறு நாள், ஆக ஒன்பது மணி. பன்னிரண்டு வாரத்துக்கு 108 மணி நேரம்.

அதை எப்படிப் பங்கு போடுவது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்களாம். முதல் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கடைசிப் பாடத்தை அவசரமாகப் புரட்டுகிறார்கள். 2023 நவம்பரில் வந்த பாடத்திட்டத்தில் ஐந்து பகுதிகள். எதற்கு எத்தனை சதவீதம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: அடிப்படைக் கருத்துகள் 12, ஆபத்துகளும் தடுப்பும் 22, அமைப்பு முறை 18, அன்றாடப் பாதுகாப்பு வேலைகள் 28, நிர்வாகம் 20. கடைசி இரண்டு வாரத்தை மாதிரித் தேர்வுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மீதி 90 மணியை இதே கணக்கில் 11, 20, 16, 25, 18 என்று பிரித்தாள். நான் பார்த்து மலைத்துப்போனேன். நாம் மாதச் சம்பளத்தைப் பிரிக்கிற மாதிரியேதான்! (பாடத்திட்டம் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறும். பணம் கட்டுமுன் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த ஒன்றரை மணி போக, காய் நறுக்கும்போது கால் மணி, குழந்தை தூங்கும்போது கால் மணி என்று துண்டு துண்டாகக் கிடைக்கும். எங்கள் ஊர் ஏரியும் கண்ணன்கோட்டை ஏரியும் தனித்தனியாகக் கிடந்தவைதானே? இரண்டையும் சேர்த்து அரை டி.எம்.சி. நீர்த்தேக்கமாக்கி 2020 நவம்பரில் திறந்தார்கள். ஆனால் துண்டு நேரத்தில் புதுப் பாடம் ஏறாது. மனப்பாடத்துக்கு மட்டும் ஆகும். அதற்கு நான்தான் வாத்தியார். அவள் நோட்டில் தமிழிலேயே எழுதித் தந்துவிடுவாள். "443?" என்பேன். "எச்.டி.டி.பி.எஸ். அத்தே." "22?" "எஸ்.எஸ்.எச்." அர்த்தம் எனக்குத் தெரியாது, விடை சரியா என்று பார்க்கத் தெரியும், அது போதாதா?

கேட்கக் கேட்க எனக்கும் சிலது புரிந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் போனில் வந்த நம்பரைச் சொல்கிறோமே, அது நாம்தான் என்று நிரூபிக்கிற வேலை. "இன்று ராத்திரி உங்கள் கரண்ட் கட்" என்று மிரட்டி வருகிற மெசேஜ், பதற வைத்துப் பணம் பறிக்கிற வேலை. அப்படிப் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். சகோதரிகளே, பரீட்சை எழுதாவிட்டாலும் இந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. தேதி குறிக்குமுன் பஞ்சாங்கத்தையும் பார்த்தோம், நல்ல நேரத்துக்காக அல்ல! ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த மாதத்தில் ஞாயிறுதான் படிப்புக்கு விடுமுறை என்று வைத்தோம். பரீட்சை புரட்டாசியில்.

மாதிரித் தேர்வைக் குழந்தை அழுகையோடு துண்டு துண்டாக எழுதிப் பயனில்லை. 90 நிமிஷம் ஒரே மூச்சாக உட்கார்ந்தால்தான் எங்கே நேரம் போகிறது என்று தெரிகிறது. திரையில் படம் காட்டி எதை எங்கே பொருத்துவது என்று செய்யச் சொல்லும் பெரிய கேள்விகளில் அவள் அரை மணியைக் கரைத்துவிடுகிறாள். இப்போது அவற்றைக் குறியிட்டுத் தள்ளிவிட்டுச் சின்னக் கேள்விகளை முதலில் முடிக்கப் பழகுகிறாள்.

வீட்டிலிருந்தே காமிரா முன் எழுதலாம் என்றும் வசதி உண்டு. ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. "ம்மா" என்று பேரன் கதவைத் தள்ளினால் பரீட்சையே ரத்தாகலாம். எனவே சென்னையில் மையத்துக்கே போகிறாள். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறவேண்டும்.

பெயர் விஷயத்தையும் மறக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நம்மில் பலருக்கு ஒரு அட்டையில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். பதிவுப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். என் மருமகளுக்கு அதைச் சரிசெய்ய இரண்டு நடை அலைச்சல் ஆயிற்று. புது அட்டை முந்தாநாள் தபாலில் வந்துவிட்டது. இன்று காலை பதிவு செய்தாள்.