பாதியெனத் தொழுத கை

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்குப்புறத்தே அடி அண்ணாமலைக் கோயிலையும் தொழுது செல்வர். உமையம்மை இறைவனின் இடப்பாகம் பெற்றது இம்மலையில்தான் என்பது புராணம். கார்த்திகைத் தீபத்தன்று பெரிய கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே காட்சி தருவார். அதனைக் காணப் பல்லாயிரவர் காத்து நிற்பர்.

பெண்ணைப் பாதியெனத் தொழுத கை, வீடு திரும்பியதும் மனைவிமேல் ஓங்கலாமோ? "அஃது அவர்கள் வீட்டுச் செய்தி" என்று அயலார் வாளாவிருத்தலும் அக்கொடுமைக்குத் துணைபோதலேயாம்.

2005ஆம் ஆண்டுச் சட்டம் இல்லத்துள் நிகழும் வன்முறையினின்று பெண்ணைக் காக்கிறது. சுடுசொல்லையும் பொருள் மறுத்தலையும் அது வன்முறையென்றே கொள்கிறது. உதவி வேண்டுவோர்க்கு 181 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. எனினும், சட்டம் புறக்காவலே; அகக்காவல் வளர்ப்பில் உள்ளது. தமக்கைக்கும் தனக்கும் ஒரே சோறு, ஒரே கல்வி, ஒரே மதிப்பு எனப் பழகும் சிறுவன், நாளை எப்பெண்மீதும் கை ஓங்கான்.