தவளைச் சத்தம் போதாது, தலைப்பிரட்டையைத் தேடுங்கள்

ஐப்பசி மழையில் பள்ளத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், "தவளை கத்துதுங்க, தண்ணி நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பூர் வட்டார விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் கணிப்பு பாதிதான் சரி. கத்துவது எந்தத் தவளை, அது அங்கே குஞ்சு பொரித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் ஓடைகளில் அதிகம் தென்படுபவை இரண்டு. ஒன்று, கண்ணை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும் தவளை. சாம்பலும் பச்சையும் கலந்த முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். பின்கால் விரல்கள் நுனிவரை சவ்வால் இணைந்திருக்கும். விரட்டினால் நீரின்மேல் தத்தித் தத்தி ஓடும். மற்றொன்று, வரப்பிலும் புல்லிலும் உட்காரும் பழுப்பு நிறச் சிறு தவளை. நீளம் ஒன்றரை அங்குலம் அளவில் இருக்கும். பலவற்றின் முதுகு நடுவே வெளிர் கோடு ஓடும். சவ்வு பாதியளவே உண்டு. பூச்சி கத்துவது போலக் கத்தும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் நடனத் தவளைகள் வேறு வகை. ஈரப் பாறையில் அமர்ந்து பின்காலை நீட்டி ஆட்டும். 2014-ல் மட்டும் இவற்றில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. குளிர்ந்த, நிழலான ஓடுநீர் கெட்டால் இவை தாங்கா. நம்மூர் மிதக்கும் தவளையோ சாக்கடையிலும் பிழைக்கும். ஆகவே அதன் சத்தத்தை மட்டும் நம்பித் தண்ணீர் பாய்ச்சக் கூடாது.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சுகிறது. முட்டைக்கு ஓடு இல்லை. எனவே வளர்ந்த தவளை தாங்கும் உப்பை முட்டையும் தலைப்பிரட்டையும் பெரும்பாலும் தாங்குவதில்லை. சாயமிடுவதற்கு உப்பு நிறையச் செலவாகிறது. கழிவின் நிறத்தை நீக்கிவிட்டாலும், கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். 1992-ல் பாசனத்திற்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனதை நாம் கண்டோம். கழிவை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பழியைப் பட்டறைமீது மட்டும் போடுவதும் நியாயமல்ல. மருந்தடித்த தெளிப்பானை ஓடையில் கழுவும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும்.

மழை பெய்து இரண்டு, மூன்று வாரம் கழித்து ஓடையோரத் தேங்கலில் தலைப்பிரட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மீன் மிகுந்த இடத்தில் அவை இரையாகிவிடும் என்பதால், இல்லாததைக் கொண்டே முடிவு கட்ட வேண்டாம். அது ஓர் எச்சரிக்கை, அவ்வளவே. கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் நீர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துதிறன் 0.7 டெசி சைமனுக்குக் கீழ் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் ஆகாது.

ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். உப்பேறிய மண்ணை மீட்க எத்தனை ஆண்டு ஆகுமோ! தவளையைப் பார்த்துச் சந்தேகப்படுங்கள். பரிசோதனை செய்து முடிவெடுங்கள்.