பார்க் இரண்டு, பெயர் ஒன்று

டிராம்பேயில் பார்க் என்றால் பூங்கா அல்ல. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு தமிழ் அம்மா “பையன் பார்க்கில் இருக்கிறான்” என்றால் அவன் ஊஞ்சலாடுகிறான் என்று அர்த்தமில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உத்தியோகம். 1954ல் அணுசக்தி நிறுவனமாகத் தொடங்கி, 1967ல் ஹோமி பாபாவின் பெயர் சூட்டப்பட்ட மையம் அது. அதன் ஆங்கிலப் பெயரின் நான்கு முதலெழுத்துகள்தான் ‘பார்க்’. 2010ல் அதே மும்பையில் இன்னொரு பார்க் பிறந்தது. எந்த டிவி நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் அமைப்பு. அதே நான்கு எழுத்துகள்.

அணுவையும் சீரியலையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இன்டர்நெட்டிலும் இரண்டும் இடித்துக்கொள்ளவில்லை. முதல் பார்க், அரசுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ‘டாட் கவ் டாட் இன்’ வாலோடு இருக்கிறது. இரண்டாவது, பெயரோடு ‘இந்தியா’வைச் சேர்த்து ‘டாட் கோ டாட் இன்’னுக்குப் போய்விட்டது.

எல்லோருக்கும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. ஒரே ஊரில் நான்கு முருகன் கபேக்கள் இருக்கலாம். ஆனால் ‘முருகன்கபே டாட் காம்’ உலகத்துக்கே ஒன்றுதான். முதலில் பதிவு செய்தவருக்கே அது சொந்தம். சொந்தம் என்பதுகூடச் சரியல்ல. டொமைன் பெயர் பட்டா நிலம் அல்ல, குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பணம் கட்டலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஆசைப்பட்ட பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருந்தால் என்ன செய்வது? முதலில் எழும் எண்ணம், ‘கோர்ட்டுக்கு இழுக்கலாமா?’ இழுத்து ஜெயித்தவர்கள் உண்டு. மும்பையின் ரீடிஃப் நிறுவனம், ஒரே ஓர் எழுத்தை மாற்றி ‘ராடிஃப்’ என்று கடை விரித்தவர்களுக்கு எதிராக 1999ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியது. டொமைன் பெயர் வெறும் விலாசம் அல்ல, டிரேட்மார்க்கைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்றது நீதிமன்றம்.

சென்னையின் சத்யம் இன்ஃபோவே, 1999ல் ‘சிஃபி’ என்ற பெயரில் விலாசங்களைப் பதிவு செய்தது. 2001ல் இன்னொரு கம்பெனி, ஓர் எழுத்து கூடுதலாக அதே உச்சரிப்பில் வந்து நின்றது. எங்கள் ஐந்து பங்குதாரர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் இது என்றது அந்தத் தரப்பு. உச்ச நீதிமன்றம் அதை நம்பவில்லை. டொமைன் தகராறுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் டிரேட்மார்க் சட்டமே பொருந்தும் என்று 2004 மே மாதம் தீர்ப்பளித்தது.

ஜெயித்த இருவரும் அந்தப் பெயரை முன்பே புழங்கி, அதற்கு மதிப்புச் சம்பாதித்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1999 முதல் உலக அளவில் நடைமுறையில் இருக்கும் தகராறுத் தீர்வு விதியும் மூன்று விஷயங்களை நிரூபிக்கச் சொல்கிறது: பெயர் உங்கள் டிரேட்மார்க் போலவே இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். இன்று கடை திறக்கப்போகும் ஒருவர், பத்து வருடமாக முருகன் என்ற பெயருள்ள யாரோ நேர்மையாக வைத்திருக்கும் விலாசத்தை இப்படிப் பறிக்க முடியாது. விலை பேசித்தான் வாங்க வேண்டும்.

விலையும் எப்போதும் படிந்துவிடாது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று ஊகித்த டெல்லி இளைஞர் ஒருவர், 2023ல் இரண்டு பெயரையும் ஒட்டிப் பதிவு செய்துவைத்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டு அந்த விலாசத்திலேயே கடிதம் போட்டார். சுமார் ஒரு கோடி ரூபாய். கம்பெனி மறுத்துவிட்டதாக அவரே பிறகு அறிவித்தார். பெயர் துபாயில் உள்ள ஓர் அண்ணன் தங்கையிடம் கை மாறியது. அவர்களோ இலவசமாகவே தரத் தயார் என்றார்கள். 2025 பிப்ரவரியில் அதே பெயரில் புதிய சேவை தொடங்கியது.

சாமானியருக்கு இதில் பாடம் உண்டு. விலை கேட்கும்போது அவசரத்தைக் காட்டக் கூடாது. பேரம் படிந்ததும் முன்பின் தெரியாதவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பக் கூடாது. பெயர் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் நடுநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்கிய பெயர், வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில் அல்ல, உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை மறந்தால், கெடு தாண்டிய பிறகு யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம்.

கைக்கு எட்டாத பெயரென்றால், பின்னால் ஊரைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் இது முருகன் போன்ற பொதுப் பெயர்களுக்கு மட்டும். யாஹூவோடு இந்தியாவைச் சேர்த்துக் கடை நடத்தியவருக்கு 1999லேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. முருகன் கபேக்காரர் ‘செம்பூர்’ என்று சேர்த்துக்கொண்டால் கேட்பாரில்லை. மிச்சப்படும் பணத்தில் இன்னொரு கிரைண்டர் வாங்கலாம்.