பஜ்ஜி சாப்பிட்டாச்சா? ஒரு கல்லையும் பாருங்க!

குட்டீஸ்! ஏற்காட்டுக்கு டூர் போயிருக்கீங்களா? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்ற மேலே ஏறினால் ஏரி, படகு, அண்ணா பூங்கா. அப்புறம், ஒண்டிக்கடையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. சாயங்காலம், 'செம ஜாலி' என்று பஸ் ஏறி விடுவீர்கள். தப்பில்லை, பஜ்ஜிக்கு நானும் அடிமைதான்!

ஆனால், அதே ஊரில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஒருவர் வாழ்ந்தாரே, அவரைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

இங்கிலாந்தில் 1834ல் பிறந்தவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்க்க 1858ல் இங்கு வந்தார். 1863, மே 30ம் தேதி, சென்னை அருகே பல்லாவரத்தில், சரளைக் கல் தோண்டிய பள்ளத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தார். நாமாக இருந்தால், அதை எட்டி உதைத்து விட்டுப் போயிருப்போம். அவர் உற்றுப் பார்த்தார். கல்லின் ஓரங்கள் செதுக்கப்பட்டிருந்தன. ஆதிமனிதனின் கருவி! இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பது அப்புறம்தான் உலகுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டுபிடித்தார். அங்கே பின்னாளில் அகழாய்வு செய்தவர்கள், கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011ல் அறிவித்தனர். அம்மாடியோவ்!

பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார் ஃபூட். வாழ்நாளெல்லாம் சேகரித்த பொருட்களை 1904ல் சென்னை அரசு வாங்கி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. 1912ல் கொல்கத்தாவில் இறந்தார். அவரது அஸ்தி, ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறது. சேர்வராயன் மலையிலேயே, வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளும் கிடைத்திருக்கின்றன.

சரி, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து போனால் என்ன நடக்கிறது? 'லைன்ல போ... தொடாதே... நகரு, நகரு!' திமிங்கல எலும்புக்கூடு மட்டும் ஞாபகம் இருக்கும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் (நம் நாட்டு அமராவதி சிற்பங்கள் கூட அங்கே இருக்கின்றன!) பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, ஒரே பொருளைப் பார்த்துப் பார்த்து வரைவார்கள். மற்றதைப் பார்க்காமல் போனாலும் கவலைப்பட மாட்டார்கள். இதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒரே நாளில் எட்டு இடம் காட்டும் டூரில், எட்டும் மறந்து போகும்.

ஆசிரியர்களே, அடுத்த டூரில் ஓர் இடத்தைக் குறைத்து விட்டு, பிள்ளைகளை ஒரு கற்கோடரி முன்னால் அரைமணி நேரம் உட்கார விடுங்களேன். சென்னை தூரம் என்றால், சேலத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே!

இன்னொரு ஆசையும் உண்டு. ஒண்டிக்கடையில், பஜ்ஜி சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஃபூட் பற்றி ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் அந்தப் பல்லாவரம் கல்லின் படம், நிஜ அளவிலேயே இருக்க வேண்டும். எண்ணெய்க் கையைத் துடைத்து விட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். யார் கை பெரியது, உங்களுடையதா, ஆதிமனிதனுடையதா?