வயருக்கு முன் சுவரைப் பாருங்கள்

விலைகூடிய ஸ்பீக்கர் வயர் பாட்டைத் தெளிவாக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 3 மீற்றர் ஓடினால், போக வர அதன் தடை சுமார் 0.04 ஓம், ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த அரை வீதத்தைக் காது பிரித்தறியாது. “எனக்கு வித்தியாசம் கேட்கிறதே” என்பவர் பொய் சொல்லவில்லை. விலை தெரிந்த மனம் அப்படித்தான் கேட்கும். எந்த வயர் என்பதை மறைத்து, ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டால்தான் அது சான்று. மெல்லிய, நீண்ட வயர் ஒலியைக் குறைக்கும் என்பது உண்மை. அதைத் தவிர்க்கச் சாதாரணத் தடித்த வயரே போதும்.

செட்டிகுளத்துக் கல்வீடுகளில் ஒலியைக் கெடுப்பவை வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும்தான். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலி பாட்டின் சொற்களைக் குழப்புகிறது. மூலையில் வைத்த ஸ்பீக்கர் பேஸை வீங்கச் செய்கிறது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். வயருக்கு ஒதுக்கிய காசில் தடித்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்குங்கள்.