பாலத்தைத் தகர்த்தது யார்?

கிரேக்க நாட்டிலே, லாமியா நகருக்கு அருகே, கோர்கோபொடாமோஸ் என்றோர் ஆறு. அதன்மீது ஒரு ரயில் பாலம். 1942 நவம்பர் 25 இரவு அது தகர்க்கப்பட்டது. தகர்த்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! நெடுங்காலம் அந்நாட்டில், கட்சிக்கொரு விடைதான் கிடைத்தது!

வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ரொம்மலின் படைக்கு வேண்டிய தளவாடங்கள் சலோனிகா – ஏதென்ஸ் இருப்புப் பாதை வழியே பைரேயஸ் துறைமுகம் சென்று கப்பலேறின. அப்பாதையை அறுத்திடப் பொறியியல் அதிகாரி மையர்ஸ் தலைமையில் 12 பேரைப் பாராசூட்டில் இறக்கியது பிரிட்டன். (அவர்களுள் ஒருவர் இந்தர் கில், பின்னாளில் இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தவர்.)

பன்னிருவர் மட்டும் என்ன செய்திட இயலும்? பாலத்துக்கு இத்தாலியரின் காவல். மலைகளில் இருந்தவையோ, ஒன்றையொன்று நம்பாத இரு கொரில்லாப் படைகள்: கம்யூனிஸ்டுகள் முன்னின்று அமைத்த எலாஸ், அவர்களுக்கு மாறுபட்ட எடெஸ். எலாஸின் ஆரிசும் எடெசின் செர்வாசும் அந்த ஓரிரவு கைகோத்தனர். அவர்தம் வீரர் ஏறத்தாழ 150 பேர் காவலரைத் தாக்கி மடக்கிட, வந்தவர்கள் எஃகுத் தூண்களிலே வெடிமருந்தைப் பொருத்தினர். பாதை சுமார் ஆறு வாரம் முடங்கிற்று. எல் அலமெய்னில் ரொம்மல் அதற்கு முன்பே தோற்றுவிட்டார் என்பது வேறு செய்தி. பழிதீர்க்க இத்தாலியர் சுட்டுக்கொன்றது யாரை? துப்பாக்கி ஏந்தாத உள்ளூர் மக்களை! அவர்களைப் பற்றி எந்தக் கட்சி பந்தயம் கட்டிப் பேசியது?

புகழைப் பங்கிடும்போதுதான் கைகள் விலகின. லண்டன் வானொலி செர்வாசைப் போற்றிற்று; ஆரிசின் பெயரை விழுங்கிற்று. ஓராண்டுக்குள் இரு படைகளும் ஒன்றையொன்று சுட்டன. 1945-இல் ஆரிசின் தலை திரிகலா நகரிலே மக்கள் காணத் தொங்கவிடப்பட்டது. 1947-இல் செர்வாஸ் அமைச்சரானார். ஒரே பாலம், ஒரே இரவு. ஒருவருக்குப் பதவி, மற்றவருக்கு விளக்குக் கம்பம்! செர்வாசின் துணிவை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால், எலாஸ் வராதிருப்பின் அந்தப் பாலம் விழுந்திருக்குமா?

1964 நவம்பரில் அதே இடத்தில், அரசின் ஆதரவோடு நினைவு விழா. கூட்டத்தினிடையே கண்ணிவெடி வெடித்து 13 பேர் மாண்டனர். பழைய வெடி என்றது அரசு. சதி என்றனர் இடதுசாரிகள். எலாஸ் நடத்தியதும் நாட்டு விடுதலைப் போரே என ஏற்றுச் சட்டம் வந்தது 1982-இல். பாலம் வீழ்ந்து 40 ஆண்டுகள் கழித்து!