ஒப்பாரிக்கு மேடை உண்டு, பகிடிக்கு இல்லையா?

நையாண்டிப் பாட்டென்றால் நம்மிடையே கற்றோர் எனப்படுவோருக்கு உடனே மூக்குச் சுருங்கிவிடுகிறது. பிறர் போட்ட மெட்டில் தன் சொல்லை ஏற்றுவதும் ஒரு கலையா என்பார்கள். வேலையற்றவர்களின் வேலை என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வகைப் பாட்டுக்களுக்கு அடிமையாய்க் கிடப்பவன் என்ற முறையில் இவர்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அதைக் கண்டியில் இருந்துகொண்டு சொல்வதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

முதலில் ‘தமிழ்ப்படம்’. சி.எஸ். அமுதன் இயக்கி, சிவா நடித்து, 2010 ஜனவரியில் வெளியான இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர். அதன் பாடல்களைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? நான் இறுவட்டில் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். இசை கண்ணன். ‘ஓமகசீயா’ என்றொரு காதற்பாட்டு. ஹரிஹரனும் சுவேதா மோகனும் பாடியிருக்கிறார்கள். இனிமையான மெட்டு, குழையும் குரல்கள். சொற்களைக் கவனித்தால் ஒன்றுக்கும் பொருளில்லை. பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் பொருளில்லாமல் வந்துபோன ஓசைகளைப் பொறுக்கியெடுத்து வரிசையாகக் கோத்து முழுப் பாட்டாக்கிவிட்டார்கள். நாம் பல்லாண்டுகளாகக் கண்ணை மூடித் தலையாட்டி இரசித்தது இதைத்தான் என்று கன்னத்தில் அறையாமல் அறைகிறது பாட்டு.

இதில் நான் வியப்பது ஹரிஹரனை. ஓரிடத்திலும் அவர் சிரிக்கவில்லை. கசல் பாடும் அதே பக்தியோடு பாடுகிறார். கதாநாயகன் ஒரே பாட்டில் கோடீஸ்வரனாகிவிடும் வழக்கத்தைக் கிண்டல் செய்யும் ‘ஒரு சூறாவளி’யைச் சங்கர் மகாதேவனும் அப்படியே, உண்மையான எழுச்சிப் பாட்டுக்குரிய ஆவேசத்தோடு பாடியிருக்கிறார். நையாண்டியின் முதல் விதி இதுதான்: பாடுபவன் சிரிக்கக்கூடாது. மூலப்பாட்டைப் பாடத் தெரியாதவனுக்கு அதன் நையாண்டியையும் பாட வராது. நமது உள்ளூர் மேடைகளில் தொண்டையைக் கோணலாக்கிக் கத்துவதையே நையாண்டி என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தொகுப்பை ஒருமுறை காதில் வாங்கிக்கொள்ளலாம்.

2018 ஜூலையில் ‘தமிழ்ப்படம் 2’ வந்தது. மீண்டும் கண்ணன். அதன் முதல் விளம்பரப் படத்தில் கதாநாயகன் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருந்தார். 2017 பெப்ரவரியில் ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ. பன்னீர்செல்வம் தியானமிருந்த காட்சியை நினைத்துத் தமிழ்நாடே சிரித்தது. பாடல்களோ சினிமாவின் எல்லையைத் தாண்டவில்லை. சுவரொட்டியில் இருந்த துணிவு பாட்டுக்குள் வரவில்லை. எனக்கு அதில் ஏமாற்றந்தான். சினிமாக்காரன் சினிமாவைக் கிண்டல் செய்வது வீட்டுக்குள் நடக்கும் பகிடி. அண்ணனைத் தம்பி நையாண்டி செய்வதுபோல. இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

தமிழில் இதைவிடப் பெரிய காரியம் முன்பே நடந்திருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தைச் சொல்கிறேன். உடுமலை நாராயணகவி எழுதியது, 1949 இல் ‘நல்லதம்பி’ படத்திலும் இடம்பெற்றது. கண்டி திருகோணமலை வீதியில் ஒரு தேநீர்க் கடையின் வானொலிப் பெட்டியில் அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வயது பத்துக்குள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரம் போகத் துடிப்பவர். கலைவாணரின் கிந்தன் பள்ளிக்கூடம் போகத் துடிப்பவன். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஊருக்குத் திரும்பி வருகிறான். கதாகாலட்சேபத்தின் அத்தனை இலக்கணமும் அதில் இருக்கிறது. இருந்தும் கேட்டு முடித்தபின் எவர் மனத்திலும் தங்குவது ஒரு கேள்விதான். கோயில் வாசலில் காத்து நின்றவனைப் பாடிப் பாடி உருகிய நாம், பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றவனை ஏன் பாடவில்லை? இந்தக் கேள்வியைக் கட்டுரையாக எழுதியிருந்தால் நூறு பேர் படித்திருப்பார்கள். தெரிந்த மெட்டில் வைத்ததால் தேநீர்க் கடையில் நின்ற சுமைதூக்கிக்கும் போய்ச் சேர்ந்தது.

நிற்க. இனிக் கண்டிக்கு வருகிறேன்.

கண்டிச் சீமை என்று எங்கள் முன்னோர் பாட்டில் வைத்த பெயர் இன்றைய கண்டி நகரத்தை மட்டும் குறிப்பதன்று. கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த மலைநாடு முழுவதும் அவர்களுக்குக் கண்டிச் சீமைதான். அந்தச் சீமையின் பாட்டுக்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் அவற்றில் உண்டு. கங்காணியை, கணக்கப்பிள்ளையை, துரையை நக்கலடிக்கும் பாட்டுக்களும் உண்டு. பிரட்டுக்களத்தில் காலையில் வாய்பொத்தி நின்றவர்கள், கொழுந்து மலையில் நிரை பிடித்த பிறகு அதே கங்காணியின் நடையையும் பேச்சையும் பாட்டாக்கிச் சிரித்தார்கள். எதிர்த்துப் பேசினால் பற்றுச்சீட்டு. பாடினால் யார் பாடியதென்று எவன் கண்டுபிடிப்பான்?

பிறகு மீனாட்சியம்மாள். ஹற்றனை மையமாகக் கொண்டு தொழிலாளர் இயக்கத்தை நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் எங்கள் பத்திரிகைச் சாதிக்கு மூத்தவர், ‘தேசபக்தன்’ ஆசிரியர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்து வந்த மனிதர். அவர் மேடையில் பேசுமுன் அம்மையார் பாடுவார். மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டுக்களை எடுத்து, இந்திய வம்சாவளித் தொழிலாளர் மீது அன்றைய ஆட்சியாளர் காட்டிய பாரபட்சத்தை அவற்றில் ஏற்றினார். 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று அவை சிறு பிரசுரமாகவும் வந்தன. அந்தப் பாட்டுக்களில் அழுகையைவிடக் கோபமும் ஏளனமும் மிகுதி. படிக்கத் தெரியாத ஒரு மக்கள் கூட்டத்துக்கு அதுவே பத்திரிகை. மெட்டு இரவல் என்று அன்று யாரும் மூக்கைச் சுளித்ததாக நான் அறியேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன்? 2023 இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்தோம். அவ்வாண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையை வந்தடைந்தது. முன்னோர் நடந்து வந்த வழியில் நடந்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்த ஆண்டில் கண்டியைச் சுற்றியும் கூட்டங்கள், கண்காட்சிகள், இசை மாலைகள் நடந்தன. அவற்றுள் ஒன்றை ஒழுங்கு செய்த குழுவினர் (பெயர் வேண்டாம், எல்லோரும் நல்லவர்கள்) என்னிடம் யோசனை கேட்டார்கள். கங்காணியைக் கிண்டல் செய்யும் பழைய பாட்டுக்களுக்கு அரைமணி ஒதுக்குங்கள், அதே மெட்டுக்களில் இன்றைய சங்கதிகளை வைத்துப் புதிதாகவும் நாலு பாடச் சொல்லுங்கள் என்றேன். குழுவின் தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஐயா, நம்மட சனம் செத்துச் செத்துப் பிழைச்ச கதையைச் சொல்ற மேடை. அதில பகிடியா?” என்றார். கடைசியில் ஒன்பது பாட்டுப் பாடினார்கள். ஒன்பதும் ஒப்பாரி.

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. துன்பத்தைப் பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மன்னார்க் காட்டு வழியில் மடிந்தவர்களுக்கு ஒரு தேசமே அழ வேண்டும். ஆனால் இருநூறு ஆண்டுக் காலம் ஒரு சமூகம் அழுதுகொண்டு மட்டுமே இருந்தது என்று காட்டுவது பொய். அதனால் இலாபம் அடைபவர் யாரென்று பாருங்கள். அழுகிறவனால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. அவனுக்கு நிவாரணப் பொதி கொடுக்கலாம், தோளில் கைபோட்டுப் படம் எடுக்கலாம், தேர்தலுக்குத் தேர்தல் கண்ணீரைத் துடைக்கலாம். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவனை அமைச்சரும் தொழிற்சங்கத் தலைவரும் கம்பனி முகாமையாளரும் என்ன செய்வார்கள்? அதனால்தான் ஒப்பாரிக்கு முன்வரிசை நாற்காலிகள் நிரம்புகின்றன.

மெட்டுத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கும் இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக் என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதையே தொழிலாகச் செய்கிறார். புகழ்பெற்ற பாட்டுக்களின் மெட்டில் வேறு சொற்களை வைத்துப் பாடுவார். 2014 இல் அவரது ‘மேன்டட்டரி ஃபன்’ வெளியான வாரமே பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. மூலப்பாட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டே பாடுவது அவர் வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தியதால் அன்று, பண்பு கருதி. வணிக நோக்கில் செய்யப்படும் நையாண்டியும் நியாயமான பயன்பாடாக அமையலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994 இலேயே சொல்லிவிட்டது. நமது 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்திலும் விமர்சனத்துக்கும் கருத்துரைக்கும் நியாயமான பயன்பாடு என்ற இடம் இருக்கிறது. அனுமதி கேட்க வெட்கப்படுகிறவன் நாட்டார் மெட்டுக்களை எடுத்துக்கொள்ளட்டும். அவற்றுக்கு உரிமை கோரி எந்தக் கம்பனியும் வராது.

அச்சம் என்பவர்களின் வாதத்தை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். நத்தாஷா எதிரிசூரிய என்ற சிங்கள நகைச்சுவைக் கலைஞரை மேடையில் சொன்ன ஒரு பகிடிக்காக 2023 மே மாதம் கைது செய்தார்கள். மதத்தை நிந்தித்தார் என்று, குடியியல் அரசியல் உரிமைகளைக் காக்க வந்த 2007 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழேயே. (உரிமைச் சட்டத்தால் சிறை! இதற்கு மேல் யார் நையாண்டி எழுதுவது?) பிணை கிடைக்க ஜூலை ஆயிற்று. சிங்களவருக்கே இந்தக் கதியென்றால் தமிழன் வாயைத் திறக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆயினும் அதே சிங்களச் சமூகத்தில் ஜிப்ஸீஸ் குழுவின் சுனில் பெரேரா, 2021 செப்டம்பரில் மறையும்வரை, அரசியல்வாதிகளைப் பைலா தாளத்தில் கிண்டலடித்தார்; அவர்கள் வீட்டுக் கலியாணங்களிலும் அந்தப் பாட்டுக்கே ஆடினார்கள். 2022 இல் பசில் ராஜபக்சவைக் காகமாக்கி ஊதிய ஊதுகுழல் ஓசை கண்டி ஏரிக்கரைவரை கேட்டது. சொல்கூட இல்லை, வெறும் காகக் கரைச்சல். அதைத் தடுக்க எவராலும் முடியவில்லை.

பாட்டுக்குப் பொருள் கிடைக்காதென்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ‘ஒரு சூறாவளி’யில் கதாநாயகன் ஒரு பாட்டு முடிவதற்குள் கோடீஸ்வரன். நம் தோட்டத் தொழிலாளி நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் கேட்டது 2015 இல். அது வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். ஆறு வருடம்! அந்த ஆறு வருடத்தில் அந்த ஆயிரம் எத்தனை மேடையில் வாக்குறுதியாயிற்று, எத்தனை மாலை மரியாதை பெற்றது, அதற்குள் அரிசி விலை எங்கே போயிற்று என்று சரணத்துக்குச் சரணம் வைக்கலாம். 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் அது 1,350 ஆகி நின்றது. மேலே ஏறிக் கீழே இறங்கும் இந்தத் தொகைக்கு ஆரோகண அவரோகணமே போட்டுவிடலாம். ‘ஓமகசீயா’ பாணியில் வேறொன்றும் என் மனத்தில் இருக்கிறது. 1947 முதல் இன்றுவரை தேர்தல் மேடைகளில் மலையகத்துக்குச் சொல்லப்பட்ட பொருளற்ற சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு காதற்பாட்டு. மெட்டு இனிமையாக இருக்கவேண்டும். பாடுகிற பிள்ளை சிரிக்கக்கூடாது.

‘சுராங்கனி’யைச் சிலோன் மனோகரும் ‘சின்ன மாமியே’யை நித்தி கனகரத்தினமும் பாடியபோது எங்கள் ஆசிரியர் பீடத்தில் இருந்தவர்கள் இதெல்லாம் கலையா என்றுதான் கேட்டார்கள். 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ ஒலித்த பின்னர், நம்மூர்ப் பாட்டு என்று அவர்களே நெஞ்சை நிமிர்த்தினார்கள். சென்னைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு வரும்வரை எதையும் ஒப்புக்கொள்ளாத நோய் அது. மலையக நையாண்டிக்கும் அப்படியொரு முத்திரைக்காகக் காத்திருக்க எனக்கு வயதில்லை.

ஆகவே ஓர் அழைப்பு. கண்டி, மாத்தளை, ஹற்றன் பக்கத்தில் இசை தெரிந்த இளைஞர்கள் இருந்தால் எழுதுங்கள். எட்டுப் பாட்டுப் போதும். ஐந்துக்குச் சொற்கள் என் கையில் ஆயத்தமாக இருக்கின்றன. தப்புக்குப் பதிலாகக் கணினித் தாளம் போடுவதாக இருந்தால் மட்டும் வரவேண்டாம்.